லின் சொல்லும் ‘ச’

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது. இங்கே ஜெலாப்பாங்கில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் கிழவன் ஏன் தபால் போடுகிறான் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், மருமகள் லின்னும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இது அவர்கள் இருவரும் கேட்கக் கூடாத விஷயம்.

உன் அம்மா சோறு வடிக்கும்போதும் அழுகிறாள், துணி மடிக்கும்போதும் அழுகிறாள். எனக்கு வரவில்லை. உன் தம்பி தேவனை எரித்துவிட்டு வந்த அன்றுகூடக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், குழம்பில் காரம் அதிகம் என்றுகூடச் சொன்னேனாம். அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறேன். எழுகிறேன், செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், லைட் பில் கட்டுகிறேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி பெண்டாட்டிக்குத் தமிழ் திருத்த வேண்டும் என்று நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாய், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று ச சா சி சீ சொல்லிக் கொடுக்கிறாய். நல்ல மனதோடுதான் செய்கிறாய், தெரியும். லின் வியட்நாமிலிருந்து இங்கே கமுந்திங் தொழிற்சாலை வேலைக்கு வந்த புதிதில் பேசியது உனக்கு நினைவிருக்கும். அவர்கள் பேச்சு பாட்டு மாதிரி ஏறி இறங்கும், அதே மெட்டில் வாங்க என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். ழ வரவில்லை, ண வரவில்லை. தேவன் மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடை போர்டு எல்லாம் படித்துக் காட்டுவான், அவள் திருப்பிச் சொல்வாள். மெல்ல மெல்ல எல்லாம் நேராகிவிட்டது. இந்த ச மட்டும் காற்று கசிந்து லேசான விசிலோடு வருகிறது, அது அவள் ஊர் வாசனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசாரில் மீன்காரரிடம் மலாயில் சோத்தோங் என்று கணவாய் கேட்டாள், பக்கத்துக் கடையில் சாயோர் என்று காய்கறி கேட்டாள், எந்த விசிலும் இல்லாமல் சுத்தமாக வந்தது. திரும்பி என்னிடம் அப்பா சில்லறை இருக்கா என்றாள். அதில் விசில் அடித்தது. மீன்காரர் அங்கிள், அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தேவன் பதினாறு வயதில் மோட்டாரிலிருந்து விழுந்து முன்பல் இரண்டை ரோட்டில் விட்டுவிட்டு வந்தானே, பல் கட்டிக்கொள் என்றால் அழகு போய்விடுமா என்று சிரிப்பானே. அவன் பேசியபோது நம் காதுக்கு அந்த விசில் பழகிப்போயிருந்தது. அவளோ ஒரே வாயைப் பார்த்துத்தான் தமிழ் கற்றாள். தமிழில் ச இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள், பாவம், பல் எல்லாம் வரிசையாக இருக்கிறது அவளுக்கு.

அதனால் இனிமேல் திருத்த வேண்டாம், சாந்தினி. ஏன் என்று அவளிடம் சொல்லவும் வேண்டாம், சொன்னால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் நாள் முழுக்க அந்தப் பிள்ளையைப் பேச வைத்தே கொன்றுவிடுவாள். தீபாவளி முடிந்ததும் அவளுடைய விசாவும் முடிகிறது. அங்கே பெற்றவள் வா வா என்கிறாள், வேறென்ன சொல்வாள், நானும் போய்ட்டு வாம்மா என்று சொல்லிவிட்டேன். அங்கே போனால் யாரிடம் தமிழ் பேசப்போகிறாள்.

முருகன் உங்கள் இருவரையும் காப்பான். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நான் சொன்னதை மறந்துவிடாதே. அடுப்படியிலிருந்து அப்பா சாப்பிட வாங்க என்று லின் கூப்பிடுகிறாள். இப்போதெல்லாம் முதல் தடவை கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன்னிடம் சொன்னால் நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

உன் அப்பா,
பழனியப்பன்