அவரே வந்து திறக்கட்டும்

இன்றும் சட்டையை வாசலிலேயே கழற்றினேன். தோல் பதனிடும் டேனரியில் காலையிலிருந்து ட்ரம் வேலை. கியரைச் சரிசெய்ய மர ட்ரம்மின் கதவைத் திறந்ததும் ஈரத்தோலின் வாடை குப்பென்று முகத்தில் அடித்து, வீடுவரை கூடவே வந்துவிட்டது. "அங்கயே கழட்டுங்க, அத்தோட உள்ள வராதீங்க" என்று அடுப்படியிலிருந்து நீ போடும் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

இந்த வாடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பாலாற்றங்கரைக் குடிசைகளை இடித்த பிறகு கன்னியம்மாவும் அவள் மகள் மோனிஷாவும் மூடிக்கிடக்கும் ஒரு டேனரியின் சுவரோரம் தார்ப்பாய் கட்டித் தங்கினார்கள். கன்னியம்மா தோல் துண்டுகளைப் பொறுக்கி விற்பவள். நீ தற்காலிக டீச்சராக இருந்த பள்ளிக்கு மகளை அழைத்து வந்தாள். விலாசம் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார் எச்.எம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் நம் வீட்டுக் கதவு எண்ணைக் கொடுத்தாய். அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாய்: "ஏங்க, நமக்கு ஒரு பொண்ணு பொறந்துருச்சி. எட்டாங்கிளாஸ் படிக்குது."

எச்.எம். சேர்த்துக்கொண்டார், ஆனால் வகுப்புக்குள் விடவில்லை. தோல் வாடை வருகிறது, மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று வராண்டாவில் உட்கார வைத்தார். ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதினாள் அந்தப் பெண். நீ நேராக அவர் அறைக்குப் போய்க் கேட்டாயாம்: "சார், இந்த ஊர்ல யாரு சாப்புட்ற சோத்துல சார் அந்த வாடை இல்ல?"

நீ வந்து சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "நீயே என்னை வாசல்லதான நிறுத்துற?" என்றேன்.

"நான் சொல்லலாம், கட்டிக்கினவ. அவரு யாரு சொல்றதுக்கு?"

மறுநாள் மோனிஷாவை உள்ளே கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய். அதோடு விட்டாயா? சுவரோரம் இருக்கிறவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக் குளியலறையைத் திறந்துவிட்டால் வீடில்லாத பிள்ளைகள் குளித்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள் என்று கேட்டாய். "இது பள்ளிக்கூடமா, சத்திரமாம்மா?" என்றார் அவர். அடுத்த வாரத்திலிருந்து உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிறகு மழை, காய்ச்சல். வேலூர் போகும்வரை ஆம்புலன்ஸில் பேசிக்கொண்டே வந்தாய். திரும்பும்போது பேசவில்லை.

உன் காரியத்துக்கு எச்.எம். ரோஜா மாலையோடு வந்தார். "தங்கமான டீச்சர், தம்பி" என்றார். பந்தியில் உட்கார்ந்து வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கன்னியம்மா பந்தலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். கிட்டே போனபோது மெதுவாகச் சொன்னாள்: "சார், நீங்க இருக்கற நெலமைல சொல்லக்கூடாது. பாப்பாவ திரும்பவும் வெளிய ஒக்கார வெச்சிட்டாங்க."

அதுவரை எனக்கு அழுகைகூட வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த மாலையைப் பார்த்தபோதுதான் உடம்பில் ஏதோ ஓடியது. அது துக்கமில்லை.

உன்னைக் கொன்றது கொசு, எச்.எம். இல்லை. எந்தப் பழுது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கொசுவை என்ன செய்ய முடியும்? எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுக்கும் நேரம் வந்தது. பெற்றோர் கூடி, தங்களுக்குள் ஓர் அம்மாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.எம். வழக்கம்போல ஒரு கான்ட்ராக்டரின் மனைவியை நினைத்து வைத்திருந்தார். கூட்டம் சேராமல் இருந்தால் அவருக்கு வசதி. கம்பெனி ஆட்கள் வேலைநாளில் வர மாட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் கூட்டத்தை வைத்தார். தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நேராகப் பள்ளிக்கும் பள்ளியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கும் போகிறவர். இங்கே டேனரிகளுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை, வெள்ளிதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

உன் தோஸ்த் ஷபானா டீச்சர் போன் செய்தார். "அண்ணா, வெள்ளிக்கெழம வெச்சிருக்காரு. அன்னிக்கி டேனரி லீவுன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. மத்தத நீங்க பாத்துக்குங்க."

டேனரியில் ஒவ்வொரு ட்ரம்மாகப் போய்ச் சொன்னேன். உன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள், அம்மாக்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டவள் கன்னியம்மா மட்டும்தான்.

"நானா? தெருவுல கெடக்கறவள இன்னாத்துக்கு சார் தலைவி ஆக்குற?"

"மோனிஷாவுக்காக" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சரம்மா பாப்பாக்காகக் கேட்டுச்சி. நீ உன் கோவத்துக்காகக் கேக்குற. எனக்குத் தெரியாதா?" சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பரவால்ல. எனக்கும் கோவம் கீது. வர்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஹாலில் இடம் போதவில்லை. நான் பெற்றோர் இல்லை என்பதால் ஹாலுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கன்னியம்மா பெயரைச் சொன்னதும் எழுந்த கைகளை எச்.எம். இரண்டு முறை எண்ணினார். எண்ணி முடித்து, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். அந்த வார்த்தை வெளியே வர அவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "சார், எம் பொண்ணு எங்க ஒக்காந்துனு கீது?"

கூட்டமே திரும்பி வராண்டாவைப் பார்த்தது. "யோவ், புள்ளைய உள்ள கூப்புடுய்யா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மோனிஷா பையை எடுத்துக்கொண்டு எல்லோர் கண் முன்னாலும் வகுப்புக்குள் போனாள்.

முதல் தீர்மானமே நீ கேட்டது. காலையில் குளியலறையைத் திறக்க வேண்டும். வாட்ச்மேன் இல்லை, சாவி தன்னிடம் இருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார் எச்.எம். "வாணாம் சார்" என்றாள் கன்னியம்மா. "சாவி தொலஞ்சா பேஜாரு. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே வந்து தொறங்க."

இப்போது அவர் முந்தின ரயிலைப் பிடித்து, அரைத் தூக்கத்தில் வருகிறார். அவர் வரும்போது சுவரோரத்துப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நானும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

போன வாரம் கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்கு சுகர் இருக்கு. இந்த டிரெய்ன் முடியல. நீங்க சொன்னா அந்தம்மா கேக்கும். சாவிய வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம். பழச மனசுல வெச்சிக்காதீங்க."

"மனசுலதான் சார் வெச்சிருக்கேன்" என்றேன்.

நான் சொன்னால் கன்னியம்மா கேட்பாள். அவளுக்கே கோபம் தணிந்துவிட்டது. மகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. நீ இருந்திருந்தால், "போதும், பாவம், விடுங்க" என்று சொல்லியிருப்பாய். நானும் விட்டிருப்பேன்.

நீ இல்லை. நான் விடவில்லை.