ஆளுக்குப் பாதி கற்ற வேலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு என்று எழுதியிருப்பதைக் கவனி, மற்றதைப் பிறகு சொல்கிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு ஓடாதே. போன் செய்தால் நலமா என்று கேட்பதற்குள் மீட்டிங் என்கிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் மீட்டிங் என்று சொல்லி வாயடைக்க முடியாது.

உன் பெண்டாட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தச் சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன், உனக்கு மறந்துபோன மாதிரி இருக்கிறது. நீ போன நாளிலிருந்து கார் ஷெட்டில் அந்த சிஎன்சி மெஷின், கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து மரத்தைச் செதுக்குமே அது, பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. கல்யாணமான புதிதில் காரை மழையில் விட்டுவிட்டு அதை உள்ளே வைத்தீர்களே, இரண்டு பேரும் வீடியோ பார்த்துப் பார்த்து மரத்தில் பூவும் கொடியும் செதுக்கப் பழகினீர்களே, சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டீர்கள், வந்தால் தலையெல்லாம் மரத்தூள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சிரிப்பீர்கள். வேலையையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டீர்கள். கம்ப்யூட்டரில் படம் வரைவது நீ, பலகையை இறுக்கி மெஷினை ஓட்டுவது அவள். எங்கிருந்து தொடங்க வேண்டுமோ அங்கே நீ பென்சிலால் ஒரு சின்னக் குறி போடுவாய், அவள் மரத்தைக் குடைகிற அந்த பிட்டின் முனையை அதன்மேல் இறக்கிப் பட்டனை அழுத்துவாள். அதற்கு மேல் நீ சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. கூடவேதானே இருக்கப்போகிறோம் என்ற நினைப்பு.

குழந்தை வயிற்றிலேயே போன பிறகு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. நீ வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாய், போன வேகத்தில் வருகிறேன் என்றாய். உனக்கும் துக்கம்தான், எனக்குத் தெரியாதா, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுதது என் காதில் விழுந்தது. ஆனால் அடுத்த அறையில் அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். உங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு கதவுதான், அதை நீயும் தட்டவில்லை, அவளும் தட்டவில்லை.

போன மாதம் நம் தெருப் பல் டாக்டர் அம்மா வந்து, நீங்கள் இரண்டு பேரும் செய்து தருவதாகச் சொன்ன வாசல் கதவு என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ வரைந்த இலைக்கொடிப் படம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. இவள் போர்வையை எடுத்து, மெஷினைத் துடைத்து, நல்ல தேக்குப் பலகையை மேஜையில் இறுக்கினாள். பலகையில் உன் குறி இல்லை. வீடியோவில் காட்டுகிற மாதிரி மூலையிலிருந்து தொடங்கினாள், நீயோ பலகையின் நடுவை வைத்து வரைந்திருக்கிறாய், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மெஷின் பலகையை விட்டு வெளியே ஓடி இரும்புப் பிடியில் மோதிப் பிட் ஒடிந்தது. சத்தம் கேட்டு நானும் அப்பாவும் ஓடினோம், முதலில் அவள் விரல்களைத்தான் பார்த்தேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, அவர் எங்க ஆரம்பிப்பார்னு எனக்குத் தெரியலையே அத்தை, இத்தனை நாள் பக்கத்துலயே நின்னும் தெரியலையே என்று அப்படி அழுதாள். ஒடிந்த பிட்டுக்கா அந்த அழுகை, நீயே சொல். உனக்குப் போன் செய்தாள், நீ எடுக்கவில்லை. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். மறுநாள் வேலையில் இருந்தேன் என்று ஒரு வரி அனுப்பினாய். நடுவில் என்று ஒரு சொல் போதுமே, அதை எழுதக்கூடவா உனக்குக் கை வரவில்லை?

அதன் பிறகு அவள் உன்னை எதுவும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் வரையப் பழகினாள். துணைக்கு உன் அப்பா, நானும் கத்துக்கறேம்மா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அவர் வரைந்த இலை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். நேற்று கதவு முடிந்துவிட்டது. படமும் அவளே, மெஷினும் அவளே. கொடி உன்னுடையதைவிட ஒல்லி, ஆனால் ஓரிடத்திலும் பிசிறு இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, இனிமே அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் அத்தை, அவரோட வேலையும் எனக்கு வந்துடுச்சு என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள். உன் அப்பா சபாஷ் என்றார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய் வயிறெரிய அழுதேன். அவளுக்குத் தெரியாத அந்தப் பாதி வேலையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நான் நம்பிக்கையோடு இருந்தேன்.

நல்லபடியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள். இனி அவளாகப் போன் செய்ய ஒரு காரணமும் இல்லை, நீதான் செய்ய வேண்டும். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தாதே, பேச்சு வராவிட்டால் அழு, அவளும் கூட அழட்டும். எனக்குப் போன் அப்புறம் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா