போனில் பேஸ் கேட்காது

நூம்பல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு யுவராணிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? அறையில் நான்கு பேர் இருப்பதால் போனில் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஸ்டூடியோவில் ஒரு கூத்து. என் அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் குறைவு. அதனால் மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். முடிந்ததும் இன்ஜினியர் பரத், "இன்னா அண்ணாத்தே, கூடவே வாய்க்குள்ள பாடிக்கினு கீறீங்க?" என்றான். எனக்கே தெரியாது. போட்டுக் காட்டினான். பாப்பாவைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கும்போது பாடுவேனே, அதே ராகம். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். கெட்டுப்போன பதிவை அழிக்கவிடாமல் வாங்கி உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிறன்று குமணன்சாவடி மண்டபத்தில் கச்சேரி. பெரிய ஸ்பீக்கரில் கொடுத்தால் இந்த கிட்டார் ஊளையிடும். அதை அடக்கக் கிட்டாரின் துளையில் திணிக்கப் பாப்பாவின் பழைய துண்டு ஒன்றை அனுப்பு. இங்கேயும் துண்டு கிடைக்கும்தான்.

ஸ்டூடியோவில் ஃபேனை நிறுத்திவிட்டார்கள், அடுத்த பதிவுக்குப் போக வேண்டும். அந்தப் பதிவைப் பாப்பா தூங்கும்போது அவள் காதருகே வை. ஹெட்போன் மாட்டாதே. போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸின் அடித்தொனி கேட்காது. என் குரல் மட்டும்தான் கேட்கும்.

உன்,
தேவராஜ்