சார்போமாவின் குளிர் கோட்டு

ஜூன் 9
நூலகப் புத்தகம் மடியிலேயே கிடந்தது. ஒரு பக்கமும் ஓடவில்லை. வாசல் கொக்கியில் தங்கை சார்போமாவின் குளிர் கோட்டைக் காணோம்.
"சர்ச்சுல அஃப்ரியே அக்கா மகளுக்குக் கொடுத்துட்டேன். இவளுக்குச் சின்னதாயிடுச்சு" என்றாள் அம்மா.
சின்னதாகவில்லை. போன டிசம்பரில் வாங்கியது.

ஜூன் 10
எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் கோட்டும் இப்படித்தான் காணாமல் போனது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து அப்பாவின் சொந்த ஊரான குமாசிக்கு, ஆறு வார விடுமுறை என்றார்கள். திரும்பும் நாளில் அப்பா மட்டும் கிளம்பினார், என் பாஸ்போர்ட்டோடு. சித்தப்பா வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன்.
வரும் ஜூலையில் சார்போமாவுக்கும் குமாசி விடுமுறை. திரும்பி வராதவளுக்குக் கோட்டு எதற்கு?

ஜூன் 14
தட்டில் ஃபுஃபு களி ஆறும் முன்பே, சார்போமாவையும் அங்கேயே விடப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அப்பா மறுக்கவில்லை.
"பதிமூணு வயசுல டீச்சரையே எதிர்த்துப் பேசுறா. அங்க இருந்தாத்தான் பெரியவங்கன்னா யாருன்னு தெரியும். உன்னையே பாரேன், கெட்டா போயிட்டே?"
என்னையே சாட்சிக்கு இழுக்கிறார்!
"நான் நல்லா இருக்கேன்னா அது என் பிடிவாதம்ப்பா. நீங்க விட்டுட்டு வந்ததால இல்ல."
"இது வெள்ளைக்காரன் ஊர் கொடுத்த வாய்டி."
"இது குமாசியில கத்துக்கிட்ட வாய்தான்ப்பா. மார்க்கெட்ல அத்தை பேசி நீங்க கேட்டதே இல்லையா?"
அம்மா சட்டென்று சூப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

ஜூன் 15
குமாசியை நான் வெறுக்கவில்லை. அந்த மழையும் மொழியும் என்னுடையவை, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஏமாற்றிக் கொண்டுபோனதைத்தான் மன்னிக்கவில்லை. சார்போமாவும் வாசலில் நின்று கார் போன திசையையே பார்க்கணுமா? முடியாது. முடியவே முடியாது.

ஜூன் 16
சார்போமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். நகத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

ஜூன் 17
சாப்பாட்டு மேசையில் அவளே ஆரம்பித்தாள்.
"எனக்கும் குமாசி பார்க்க ஆசைதான். முதல்ல, நான் திரும்பி வந்து போட்டுக்க என் கோட்டு அந்தக் கொக்கிக்கு வரட்டும். அப்புறம்தான் பிளேன் ஏறுவேன்."
"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறதா? சர்ச்சே சிரிக்கும்!" என்றார் அப்பா.
"சிரிக்கட்டும்ப்பா" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

ஜூன் 22
ஐந்து நாளாக அப்பா தனியாகச் சாப்பிடுகிறார். நான் இறங்கி வரப்போவதில்லை.

ஜூன் 23
ஆராதனை முடிந்து அம்மா தாமதமாக வந்தாள். நல்ல உடுப்பு, உயரமாகக் கட்டிய தலைத்துணி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து சார்போமாவின் கோட்டை எடுத்து உதறிக் கொக்கியில் மாட்டினாள்.
"யாரும் எதுவும் கேக்காதீங்க" என்றாள். அப்பாவைப் பார்த்துத்தான்.

அக்டோபர் 14
முதல் குளிர். காலையில் கொக்கி காலியாக இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு சார்போமா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.