தொடரலாம் என்றது தொலைபேசி

அன்பு மகள் மார்லாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினேன், எழுதிய பிறகு பார்த்தால் அந்த வாக்கியத்தில் உன் தம்பிக்கு இடமில்லை. அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும். போனில் பேசியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டுச் சுவர்களை நீ அறிவாய், சமையலறையில் அம்மா பெருமூச்சு விட்டால் மாடியில் தம்பி கார்பினுக்குக் கேட்கும். அதனால் வண்டியை ஆற்றுப் பாலத்தருகே நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். மலை முழுக்க இலை கொட்டிவிட்டது. நியூசிலாந்தில் இப்போது வசந்தம் என்றாய். ஒரே நாளுக்கு இரண்டு பருவம் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. சிவப்புப் பசு கன்று போட்டது, தங்கவில்லை. தீயணைப்புப் படையின் கோழி விருந்து இந்த மாதத் தொடக்கத்தில் நடந்தது, வழக்கம்போல அம்மா குலுக்கல் சீட்டு வாங்கினாள், வீட்டில் ஆளுக்கு ஒன்று, கடல் தாண்டிப் போய்விட்ட உன் பெயரிலும் ஒன்று. நம் ஊர்க் குலுக்கலில் பரிசு என்ன என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கிதான். அம்மாவுக்கு அது துப்பாக்கியாகவே தோன்றியிருக்காது, தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்கக் கொடுக்கும் காசு, அவ்வளவுதான். படைத்தலைவர் பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் படித்தார். கார்பின் டெட்டர். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மான்கள் எல்லாம் இன்னைக்கே உயில் எழுத ஆரம்பிச்சிடும்டா கார்பின் என்று யாரோ கத்தினார்கள். டெட்டர் வீட்டுக்கு இத்தனை வருஷத்துல ஒரு கேக்கு கூட விழுந்ததில்லையே என்று இன்னொரு குரல். வசந்தத்தில் நடந்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு நேரம் தட்டினார்கள். இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கணும்னு வேண்டாத நாளில்ல என்று பக்கத்து மேசைப் பெண் என் தோளைத் தொட்டுச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனிதர்கள். அம்மா உருளைக்கிழங்குக் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அதைக் கீழே வைக்க மறந்து.

வசந்தத்தில் நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னோம். அன்று காலை கார்பின் கொட்டகையை உள்ளே தாழிட்டுக்கொண்டான். இனி இருக்க விருப்பமில்லை என்றான், கோபமாக அல்ல, கடையில் ஒரு சாமானை வேண்டாம் என்பதுபோல. பேச்சுக் கொடுத்து வெளியே கொண்டுவந்தது ஷெரிஃபின் ஆள், சின்னப் பையன், பொறுமைசாலி. அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐயா, நீதிபதிகிட்ட போனா பேரு பதிவாயிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் துப்பாக்கி தொட முடியாது, அவரே கையெழுத்துப் போட்டு மனநல ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டா எதுவும் பதியாது என்றான். டாக்டரும் அதையே நல்லது என்றார். நானும் கார்பினிடம் அதையே சொன்னேன். அவனே கையெழுத்திட்டு உள்ளே போனான், அவனே கையெழுத்திட்டு வெளியே வந்தான். அது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்த துப்பாக்கிகளை எல்லாம் உன் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். காலியான துப்பாக்கித் தாங்கியைக் கார்பின் பார்த்தான். தன் கோட்டை அதில் மாட்டினான்.

பரிசுத் துப்பாக்கி வெர்னன் பிராப்ஸ்ட்டின் தீவனக் கடையில் இருந்தது, துப்பாக்கி விற்கும் உரிமம் அவனிடம்தானே. விருந்து முடிந்த திங்கட்கிழமை போய், அவன் கையில் கொடுக்காதே என்று கேட்டேன். ஹார்லன், நான் தீவனம் விக்கிறவன்ப்பா, டாக்டரா, அரசாங்கத்துக்குப் போன் பண்ணுவேன், பேரச் சொல்லுவேன், அவங்க சொல்றதுதான் என்றான். மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கில்ல என்றேன். இருக்கு, சொல்றேன், சொன்னா அவன் நேரா சந்தைக்குப் போயி எவனோ ஒருத்தன் வண்டிக்குப் பின்னாடி நின்னு வாங்குவான், அங்க பேரு கூட கேக்க மாட்டான், இங்கன்னா அவன் மூஞ்சிய நானாவது பாப்பேன்ல என்றான். மாட்டுக்கு உப்புக்கட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒருவன், மகனுக்குக் குலுக்கல்ல விழுந்தா அப்பனுக்கு ஏன்யா வயித்தெரிச்சல் என்று சிரித்தான். வெர்னன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது எனக்குள் ஒரே ஒரு ஆசை. வசந்தத்தில் நடந்தது அந்தத் தொலைபேசியின் மறுமுனைக்கு எப்படியாவது தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கம் நம்மைப் பட்டியல் போடுகிறது என்று வாழ்நாள் முழுக்க வைத நான், என் மகன் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

அந்த வாரக் கடைசியில் கார்பின் சவரம் செய்துகொண்டான். பச்சைச் சட்டை போட்டான். நானும் வருகிறேன் என்றேன், வா என்றான். வெர்னன் கடை மேசையில் குனிந்து, அரசாங்கப் படிவத்தின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினான். ஓரிடத்தில் பேனா நின்றது. கோர்ட்டு உத்தரவு போட்டு மனநல ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களான்னு கேக்குதுப்பா, நான்தானே கையெழுத்துப் போட்டேன் என்றான். கண்ணில் தந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளிக் கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டான். வெர்னன் என்னைப் பார்த்தான். ஆமாம், நீதான் போட்டாய் என்றேன். அது உண்மை. வேறு எதைச் சொல்லியிருந்தால் உதவியிருக்கும் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். வெர்னன் எண்ணைச் சுழற்றி, பெயர், பிறந்த நாள் எல்லாம் சொன்னான். மறுமுனையில் ஒரு பெண். நடுவில் அவள் இருமியது எனக்கும் கேட்டது. வெர்னன் ரிசீவரை வைத்தான். தொடரலாம்னுட்டாங்க என்றான், என்னைப் பார்க்காமல் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

வண்டியில் ஏறியதும் கார்பின் சிரித்தான். வசந்தத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. கேட்டியாப்பா, எல்லாத்தையும் பாத்துட்டுத் தொடரலாம்னு சொல்லிட்டாங்க, நீயும் அம்மாவும்தான் இன்னும் என்னை முட்டை மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க என்றான். அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை மகனே, ஒரு நீதிபதி எதையாவது எழுதியிருக்கிறாரா என்று மட்டும்தான் பார்த்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். வண்டியை ஓட்டினேன். மறுநாள் காலை டாக்டர் கொடுத்த மாத்திரைகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டான். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாளாம். அதான் பாஸாயிட்டேன்லம்மா, அப்புறம் எதுக்கு மாத்திரை என்றானாம். துப்பாக்கியை மாமா வீட்டில் வை என்று கெஞ்சினேன். வெர்னனுக்கு நம்பிக்கை இருக்கு, அரசாங்கத்துக்கு இருக்கு, பெத்தவனுக்கு இல்ல என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். அது அவன் அறையில்தான் இருக்கிறது. அந்தச் சிரிப்பு சில நாள்தான் தாங்கியது. இப்போது சாப்பிட இறங்குவதில்லை. சோள ரொட்டியும் பீன்ஸும் தட்டோடு படியில் ஆறிக் கிடக்கின்றன. அம்மா மாடி நடையை நாளுக்கு நாலு தடவை பெருக்குகிறாள், அங்கே பெருக்க ஒன்றுமில்லை. அவளிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே பதில்தான், சீட்டுல அவன் பேர என் கையாலதானே எழுதினேன் என்று. வீட்டைவிட்டு இருவரும் சேர்ந்து வெளியே போவதில்லை. இப்போதும் அவள் அங்கே இருப்பதால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டேன். வசந்தத்தில் தவிர்த்ததை இப்போது நானே கேட்டுப் போகிறேன். அவனை ஆஸ்பத்திரியில் வைக்க மனுப்போட வேண்டும், என் மகன் ஆபத்தில் இருக்கிறான் என்று அவன் முகத்துக்கு எதிரே சத்தியம் செய்ய வேண்டும். பழையது போதாதாம், அண்மையில் அவன் வாயிலிருந்து காதால் கேட்டவர் யாராவது இருக்கிறார்களா என்றார் அங்கிருந்த அம்மாள். எங்களிடம் அவன் பேசுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஏதோ சொன்னான் என்றும், அதைச் சொல்ல முடியாமல் நீ அம்மாவிடம் அழுதாய் என்றும் அறிந்தேன். என்னிடம் சொல்லாதே மார்லா. நீதிபதிக்கு எழுது. அவன் சொன்ன சொல்லிலேயே எழுது, மென்மையாக்காதே, மென்மையாக்குவது நம் குடும்ப வழக்கம். அவனை உட்காரவைத்துத்தான் அதைப் படிப்பார்கள். பிறகு உன்னிடம் பேச மாட்டான், அவன் மனம்விட்டுப் பேசும் ஒரே ஆள் நீ என்று தெரிந்தேதான் கேட்கிறேன். பெயர் பதிவாகிவிடும். இந்த மலையில் வேட்டைக்குப் போகாத ஆணுக்கு இலையுதிர்காலத்தில் பேச ஆளில்லை, அதுவும் தெரியும். அப்படியே எல்லாம் நடந்தாலும் சந்தையில் அந்த வண்டி நிற்கும். இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். தெரியுங்க என்று மட்டும் சொன்னார். என்னால் வேறெதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு எழுது, தனியாகச் சுமக்காதே. வேலைக்கு நடுவில் சாப்பிடு. எங்களுக்காக அழுதுகொண்டு வண்டி ஓட்டாதே. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காத்து, உன் வீட்டின் மேல் சமாதானத்தை வைப்பாராக. நீ எங்களுக்குக் கொடுத்த சந்தோஷத்தில் குறை ஒன்றும் இல்லை, இதை ஒரு நாள் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்று இப்போதே எழுதுகிறேன்.

மறக்காதே. பதிலை நீதிமன்ற முகவரிக்கே அனுப்பு, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பாதே. கார்பின் எல்லாவற்றையும் விட்டுவிட்டான், தபால் பெட்டி வரை நடந்து போவதை மட்டும் விடவில்லை. உன் கையெழுத்து வந்திருக்கிறதா என்றுதான் தினமும் பார்க்கிறான்.

உன் அப்பா,
ஹார்லன் டெட்டர்