உப்புச் சட்டியில் மக்ரோனி

2025 ஜூலை 9, புதன்

ஓவன் செத்துவிட்டது. மாலை ஆறே காலுக்கு, மக்ரோனித் தட்டு உள்ளே இருக்கும்போதே, டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. நாலு தடவை தட்டிப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன்.

என் மனைவி ஷிஹாரா கொழும்புக்குப் போய் இது மூன்றாவது வாரம். தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கான ஆறு மாதப் பயிற்சி. இரண்டு தடவை எழுதிப்போட்டுக் கிடைக்காமல் மூன்றாம் தடவைதான் கிடைத்தது. இந்த வீட்டில் புதன்கிழமை என்றால் மக்ரோனி. பள்ளிக்கூடத்தோடு டியூஷன், குர்ஆன் ஓதல் எல்லாம் அன்றைக்கே விழுவதால் பிள்ளைகள் இரண்டும் வாடி வதங்கி வருவார்கள். அவள் கோழியும் வெள்ளைச் சோஸும் கலந்து, மேலே சீஸ் தூவி வேகவைத்து எடுத்துவைப்பாள். சாப்பிட்டதும் முகம் தெளிந்துவிடும். இது என்ன பெரிய வேலை, நான் செய்கிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

இன்றைய சோஸ் போஸ்டர் ஒட்டுகிற பசை. ஸஃப்னா ஒரு வாய் வைத்துவிட்டு அழுதாள். ஏழு வயது, அழலாம். அக்கீலாவுக்குப் பன்னிரண்டு. அவள் அழவில்லை. பாண் ரொட்டியை வெட்டி, தங்கச்சிக்குத் தேங்காய்ச் சம்பல் வைத்துக் கொடுத்தாள். அழுகையைக்கூடத் தாங்கலாம். அந்தப் பாண் வெட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஷிஹாரா போனில், "நேத்து மக்ரோனி செஞ்சீங்களா?"

"ஓம், செஞ்ச."

பொய்யா? இல்லை. சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லையே.

ஜூலை 13, ஞாயிறு

எத்தாளை ஊரிலிருந்து றைஸா ராத்தா வந்தாள். என் கூடப்பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிரிட்ஜைத் திறப்பாள், பிறகுதான் ஸலாம்.

"தம்பி, புள்ளைகள் மெலிஞ்சு போய்ட்டு. என்னோட அனுப்பு. எத்தாளையிலயும் பள்ளிக்கூடம் இரிக்கி."

"ஏலாது ராத்தா."

"அப்ப நான் ஷிஹாராவோட கதைக்கிறன்."

ஷிஹாரா பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "புள்ளைகளுக்குக் கஷ்டம் எண்டா ஒரு சொல்லு சொல்லுங்க. உட்டுட்டு வந்துடுவன்." பயிற்சியை விட்டுவிட்டு வருவாள். வந்தால் இன்னொரு தடவை அவளுக்குக் கிடைக்காது, வயது தாண்டிவிடும். ஊரிலேயே பெரிய வாயாடி என்று பெயரெடுத்த நான், அந்த ஒரு சொல்லை மட்டும் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகவிடக் கூடாது.

கடைசியில் ராத்தாவோடு ஓர் உடன்பாடு. வருகிற புதன் அவள் வருவாள். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். என் ராத்தா வாயைத் திறக்காமல் இருப்பதா? பார்ப்போம்.

ஜூலை 15, செவ்வாய்

ஓவன் திருத்துகிறவன் இரண்டு வாரம் கேட்கிறான். இரண்டு வாரமாம்! ஆனால் வழி கிடைத்துவிட்டது. எங்கள் உப்பளத்துக் கிளார்க்கின் மனைவி பெரிய சட்டியில் மணலைப் போட்டு, அதன்மேல் தட்டை வைத்து மூடி, கேஸ் அடுப்பில் கேக்கே சுடுகிறாளாம்.

மணலா? மணலில் பூனைகள் என்ன செய்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாக உப்பளத்தில் மேற்பார்வையாளனாக இருக்கிறவன் மணலுக்கு அலைவதா? இது உப்பு வாரும் காலம். கண்முன்னே குவியல் குவியலாகக் கிடக்கிறது. இன்று காலை பாத்தியிலிருந்து வாரியது, ஐந்து கிலோ, கேட்டு வாங்கி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். வெள்ளை வெளேரென்று, சுத்தம். இத்தனை காலமும் இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

ஜூலை 16, புதன்

மானம் கப்பலேறிவிட்டது.

ஐந்தே காலுக்கு வேலை முடிந்து ஓடி வந்து கோழியை வேகவைத்து, சோஸ் காய்ச்சி (இந்தத் தடவை கட்டி விழவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்), தட்டை நிரப்பி, உப்புச் சட்டியில் இறக்கி மூடினேன். ராத்தா குசினி வாசலில் கதிரையைப் போட்டு நீதிபதி போல உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் நல்ல வாசனை. பிறகு சட்டிக்குள் டப் என்றது. இன்னொரு டப். அப்புறம் படபடவென்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. மூடி துள்ளியது. உப்புக் கல் ஒன்று பறந்துவந்து ராத்தாவின் மடியில் விழுந்தது.

"கேஸ்! கேஸ் வெடிக்கிது!" என்று பக்கத்து வீட்டு எமிலியா அன்ரி மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினார். நான் கேஸை மூடினேன். அதற்குள் ராத்தா இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கை முடிகிற தெரு முனைக்குப் போயிருந்தாள். முழங்கால் வலி என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ராத்தா!

மூடியைத் திறந்தால் சீஸின் மேலெல்லாம் உப்பு. அதைக் கடல்கூடத் தின்னாது.

சரியாக அந்த நேரம் போன் அடித்தது. ஸஃப்னா எடுத்துவிட்டாள்.

"உம்மா, எங்கட வீடு வெடிச்சிட்டு."

அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், நான்கூட இருக்கிறேன் என்றேன். ஷிஹாரா சிரிக்கவில்லை. "சரி" என்றாள். அவளுடைய "சரி" எனக்குத் தெரியும். பதினாலு வருடமாகத் தெரியும்.

போகும்போது ராத்தா சொன்னாள்: "நான் இனி ஒண்டும் சொல்லத் தேவல்ல. உன்ட மகளே சொல்லிட்டாள்."

ஜூலை 17, வியாழன்

ஷிஹாரா போனை எடுக்கவில்லை. நான் மூன்று தடவை அழைத்தேன்.

ஜூலை 19, சனி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பச்சை உப்பின் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் அடைபட்டிருக்கும். காயாத உப்பை மூட்டை கட்டாதே என்று நானே தினமும் ஆட்களிடம் கத்துகிறேன். அதை நெருப்பில் வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? உப்பை வெயிலிலேயே பார்த்துப் பழகிய மூளை. அடுப்பு என்றதும் வேலை செய்யவில்லை.

இன்று முற்றத்தில் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் உப்பை மூடிபோட்டு வறுத்தேன். முன்கூட்டியே எமிலியா அன்ரிக்கும் அறிவித்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் வெடித்தது, பிறகு அடங்கியது. திரும்பச் சூடாக்கினேன், சத்தமே இல்லை. அக்கீலா தூரத்தில் நின்று பார்த்தாள். "வாப்பா, உம்மாட்ட இதச் சொல்லவா?" என்றாள். சொல்லு என்றேன். அவள் போனைப் பார்த்துவிட்டு, "உம்மா ஒன்லைன்ல இல்ல" என்றாள். இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறாள்?

ஜூலை 21, திங்கள்

ஷிஹாராவிடமிருந்து ஒரு வரி: "மேடத்தோட கதைச்சுட்டு சொல்றன்." பயிற்சிப் பொறுப்பாளரோடு எதைக் கதைத்துவிட்டு? கேட்கப் பயமாக இருந்தது.

ஜூலை 23, புதன்

உப்பளத்தில் இரண்டு லொறி பிந்தியதால் ஆறு மணிக்குத்தான் வந்தேன். அக்கீலா கோழியைப் பிய்த்து வைத்திருந்தாள், ஸஃப்னா சீஸைச் சீவியிருந்தாள். (பாதியைத் தின்றும் இருந்தாள்.) சட்டி வெடிக்கவில்லை. மேல்பக்கம் சிவக்க வேண்டும் என்று மூடியின்மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல் பரப்பினேன். அது என் சொந்த மூளை. மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மூடியைத் திறந்தேன். பொன்னிறம்! ஓர் ஓரம் கருகியிருந்தது, அதை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

அப்போது வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. ஷிஹாரா.

"வீடு இரிக்கிதா எண்டு பார்க்க வந்த" என்றாள்.

கையில் பெரிய சூட்கேஸ். போகும்போது எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போனாளே, அதே சூட்கேஸ். ஒரு நாள் லீவில் வருகிறவள் அதையா கொண்டுவருவாள்? சூட்கேஸ் வாசலோரம் நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்து அழுது, சிரித்து, பிறகு இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவள் பீங்கான் தட்டு எடுக்க எழுந்தாள். "நீங்க இரிங்க உம்மா, நாங்க வைக்கிறம்" என்றாள் அக்கீலா. வைத்தாள். ஷிஹாரா ஒரு வாய் சாப்பிட்டாள். நான் பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"உப்பு கொஞ்சம் குறைவு" என்றாள்.

உப்பு குறைவாம்! எனக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள், ஒரு வாரத்துக்குப் பிறகு. இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். ஸஃப்னா சாப்பிட்டுக்கொண்டே அவள் மடியில் தூங்கிப்போனாள். அக்கீலா பீங்கான்களைக் கழுவிவிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்று மிச்சத்தை இரண்டு பெட்டியில் போட்டு மூடினாள். ஷிஹாரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூட்கேஸ் இன்னும் வாசலோரத்தில்தான் நிற்கிறது. அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது, போகத்தான் வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

ஜூலை 24, வியாழன்

விடியப்புறம் சூட்கேஸின் சில்லுச் சத்தம் கேட்டு விழித்தேன். கண்ணைத் திறக்கவில்லை. உள்ளே இழுக்கிறாளா, வெளியே இழுக்கிறாளா?

"இஞ்சாருங்க," என்றாள் வாசலிலிருந்து, மெதுவாக, பிள்ளைகள் எழும்பாமல். "இத ஒரு கை புடிங்க. அஞ்சு மணி கொழும்பு பஸ் போயிடும்."

தூக்கினேன். சரியான பாரம். ஒன்றையும் வெளியே எடுத்திருக்கவில்லை.