அடுத்த விடுமுறைக்கு அனுப்பாதே

அன்புள்ள மருமகளுக்கு,

பிள்ளைகள் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்கள் இருந்த நான்கு நாளும் இந்த வீடு வீடாக இருந்தது. கூடத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஓய்வு பெற்ற என்னை மறுபடி பஸ் ஓட்ட வைத்துவிட்டார்கள். பெரியவள்தான் கண்டக்டர். சின்னவன் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கினானே தவிர, டிக்கெட் வாங்கவே இல்லை. உன் அத்தைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் என் மகன் வந்தான். "வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிடறேம்பா" என்று கெஞ்சினான். உனக்குக் கொடுத்த வாக்கு நினைவில்தான் இருந்தது. இருந்தும் கதவைத் திறந்தேன். குடித்திருந்தான். அந்தக் குரலைக் கேட்டதுமே சின்னவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். மகனை அனுப்பிவைத்த பிறகும் பிள்ளை வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளித்தான் கொடுத்தோம்.

"அப்பாவ உள்ள விடமாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல, தாத்தா?" என்று பெரியவள் கேட்டாள்.

"சொன்னேன்மா" என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு அவர்களை அனுப்பாதே. அத்தை போனில் அழுதாலும் மனம் இளகாதே. அவன் மறுபடி வந்து நின்றால், நான் மறுபடியும் திறந்துவிடுவேன்.

உன் மாமா